பன்னிரண்டு பேர் கொண்ட பெட்டி

கூம்புத் தொப்பி போட்ட ஈட்டிக்காரர்கள் ஐந்து பேர் போதும் என்று லைல் முடிவு செய்தார்.

கடையில் பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும் கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய் பொம்மைகள். தொப்பி முகத்தை மறைத்துவிடும், கண் வரைகிற தொல்லை இல்லை. ஒரே வாரத்தில் பெயிண்ட் அடித்து முடித்துவிடலாம்.

பக்கத்துக் கொக்கியில் வாளை உருவிக்கொண்டு பாய்கிற சாமுராய் தளபதி ஒருவன் தொங்கினான். என்ன அழகு! நரைத்த புருவம்கூடத் தனியாகத் தெரிந்தது. வியாழக்கிழமை நண்பர்களோடு மேஜையில் ஆடும் பொம்மைப் போருக்கு ஒரு பக்கம் எட்டுப் பேர்தான் தேவை, நடுவில் இவனை நிறுத்தினால் அத்தனை பேரும் வாயைப் பிளப்பார்கள். ஆனால் இவனுக்கே மூன்று வாரம் பிடிக்கும்.

ஒரு வாரத்துக்கு மேல் எதையும் யோசிக்க லைலுக்குப் பயமாக இருந்தது.

புற்றுநோயா என்று பார்க்கக் கணையத்தில் ஊசி விட்டுத் துளியூண்டு சதை எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணுகிறோம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இன்று வெள்ளிக்கிழமை.

வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் கிளம்பி வந்தார். போனை மனைவி மார்லிஸின் கைப்பையில் போட்டு, அவளைக் காரிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்திருந்தார். அடித்தால் அவள் எடுக்கட்டும். அறுபத்தெட்டு வயதில் இவ்வளவு கோழையா என்று கேட்டால், ஆமாம், கோழைதான்.

மார்லிஸ் இந்தக் கடைக்குள் கால் வைத்ததே கிடையாது. முப்பத்தொரு வருடமாக ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரில் குறுக்கெழுத்துப் போடுவாள். பழையதை முடிக்காமல் புதிது வாங்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். வாங்கினாலும் ஒரு பெட்டி, அதுவும் சின்னது. அதற்கும் வீடு போய்ச் சேரும்வரை ஒரு பாட்டம் திட்டு விழும்.

கதவு மணி அடித்தது. பூட்ஸில் ஒட்டிய பனியை மிதியடியில் தட்டிக்கொண்டு மார்லிஸ் உள்ளே வந்தாள்.

லைல் பாக்கெட்டும் கையுமாக அவளிடம் போனார்.

"போன் வந்துதா?"

"இல்லையே. உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு, அதான் வந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சே, என்ன காத்து இது, கண்ணுல தண்ணியா ஊத்துது."

ஏரிக்காற்று அப்படித்தான். மார்ச் மாதத்திலும் பனி கொட்டுகிற இந்த டுலூத் ஊரில் யார் கண்ணில்தான் தண்ணீர் வராது? லைல் அந்தக் காரணத்தையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அவர் கையில் இருந்த பாக்கெட்டை அவள் வாங்கிப் பார்த்தாள்.

"என்ன இது, மூஞ்சியே தெரியாத பசங்க? நல்லதா ஒண்ணு எடேன், லைல்."

திட்டியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்! பொம்மை வாங்குகிற வயசா இது என்று ஒரு வார்த்தை சொல்லேன், சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அவளோ பாக்கெட்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டிவிட்டு அலமாரி முன்னால் போய் நின்றாள். முட்டைக்குக்கூடக் கூப்பன் வெட்டி வைத்துக்கொள்கிறவள், ஒரு பெட்டியிலும் விலையைப் பார்க்கவில்லை.

கல்லாவில் இருந்த ரூடிக்கு வாய் சும்மா இருக்காது.

"அட, மேடமே உள்ள வந்துட்டாங்களா! பெரியவரே, வெளிய பனி கொட்டறது இதுக்குத்தானா?"

யாரும் சிரிக்கவில்லை. ரூடி அதற்கெல்லாம் அசருகிறவன் இல்லை.

"தைரியமா வாங்கிப் போடுங்க மேடம். பெயிண்ட் அடிக்காத பொம்மை வீட்ல இருக்கற வரைக்கும் எங்க கடைக்கு வர்றவங்க ஒருத்தரும் சாகறதில்ல."

இந்தக் கடைக்கு வருகிற அத்தனை பேரும் மனைவியிடம் சொல்கிற சாக்கு அது. லைலும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நேற்றுத்தான் கடைசி வில்லாளிக்கும் வார்னிஷ் பூசி முடித்திருந்தார். அடிக்காத பொம்மை ஒன்றுகூட வீட்டில் இல்லை.

மார்லிஸ் மெதுவாக ரூடியின் பக்கம் திரும்பினாள். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"இங்க இருக்கறதுலயே, பெயிண்ட் அடிக்க ரொம்ப நாள் பிடிக்கறது எது?"

"எல்லாரும் சீக்கிரம் முடியறது எதுன்னுதான் கேப்பாங்க!" ரூடி சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினான்.

மான்கொம்பு வைத்த தலைக்கவசங்கள். கவசத்தின் தகட்டுக்குத் தகடு கோத்த பட்டுக்கயிறுகள். சட்டைக் கையில் கடுகைவிடச் சின்னப் பூக்கள்.

"ஒவ்வொரு கயிறையும் தனித்தனியா அடிக்கணும் மேடம். நம்ம பெரியவர் வேகத்துக்கு ஒரு ஆளுக்கு ஒரு மாசம் ஆகும். உள்ள பன்னெண்டு பேரு."

"அப்போ ஒரு வருஷம்," என்றாள் மார்லிஸ்.

"முழுசா ஒரு வருஷம்."

அவள் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். லைலின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"பத்தாது தம்பி," என்றாள். "இன்னொரு பெட்டி எடு."