மூடிய அறையில் வயலின்

"உன் புருஷன் இன்னிக்கும் அதே இடத்துலதான் தடுமாறுறான்ம்மா," என்றார் ஹாலில் உட்கார்ந்திருந்த மாமனார். அவர் வயலின் வாத்தியார். சாதகம் முடிக்காமல் மகன் வாசல் தாண்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"போகப் போக சரியாயிடும் மாமா," என்றாள் மருமகள்.

மூடிய அறைக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். வயலின் நின்றது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

அறையில் யாரும் இல்லை. புது டேப் டெக்கில் கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பட்டனை அழுத்தினாள். ஸ்பீக்கரில் வயலின் மறுபடி கிளம்பியது.

நிம்மதியாக வெளியே வந்தவளிடம் மாமனார் சொன்னார்:

"சீட்டாடிட்டு வந்ததும், அந்த இடத்தைத் திருத்தி வாசிச்சு வேற கேசட் பதிவு பண்ணச் சொல்லும்மா. இதையே கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு!"