வால் கனம்

இரண்டு விரல் நுனிகளை இறக்கைகளுக்கு அடியில் கொடுத்து, தான் செய்த ஃபோம் விமானத்தைத் தூக்கினாள்.

வால் சாய்ந்தது.

நேற்று மாலை சாயவில்லை. பேட்டரியை உள்ளே வைத்து இதே விரல்களில் நிறுத்தியபோது, தட்டில் ஊற்றிய தண்ணீர் போல மட்டமாக நின்றது.

மறுபடியும் தூக்கினாள்.

மறுபடியும் வால்.

வால் கனத்த விமானம் பறக்காது. எழும்பும். மூக்கை வானத்துக்குக் காட்டும். அப்படியே ஒரு கணம் நின்று, கல் போல விழும்.

இன்று காலை வறண்ட குளத்தில் இதைப் பறக்கவிட வேண்டும். மாட்டியிருப்பது கடைசி மோட்டார்.

இதற்கு முந்தையது முழுக்க வெள்ளை. ஃபோமை வெட்டி ஒட்டி அப்படியே கையால் எறிந்து பறக்கவிட்டாள். மேகத்துக்குக் கீழே போனதும் முதுகு எது, வயிறு எது என்று தெரியவில்லை. ரிமோட்டில் தப்பான பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான்.

அதனால் இதற்கு மேலே ஆரஞ்சு டேப். அடியில் கறுப்புப் பட்டைகள். எவ்வளவு உயரத்தில் புரண்டாலும் தெரியும்.

ஒரு சுருக்கம் இல்லை. ஒரு காற்றுக் குமிழி இல்லை. இறக்கையின் விளிம்பில் டேப் திரும்பும் இடத்தை அவளாலேயே கண்டுபிடிக்க முடியாது.

வாலை மட்டும் வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருந்தாள். அங்கே ஒரு துண்டு டேப் கூடினாலும் கணக்கு மாறிவிடும்.

விமானத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

வாலில் ஒரு மயில் கண் இருந்தது.

நடுவில் நீலக் கற்கள். சுற்றிப் பச்சைச் சம்கி. ஓரத்தில் பொன்மணிகள், நெருக்கமாக, ஒரே சீராக. இரண்டு பக்கமும்.

அம்மா கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்பவள். அவள் போடும் மயில் எல்லாம் யார் யார் முதுகிலோ ஏறி எங்கெங்கோ போய்விடும். ஒன்றுகூட இந்த வீட்டில் தங்கியதில்லை.

அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"மொட்டையா இருந்துச்சு. அதான்."

நாற்காலியிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏம்புள்ள, உம்பட ஏரோப்ளேனு முகூர்த்தத்துக்கா போகுது?"

"டீ ஆறுது. குடிங்க மொதல்ல" என்றாள் அம்மா.

பிறகு மகளின் விரல்களைப் பார்த்தாள். சாய்ந்திருக்கும் வாலைப் பார்த்தாள். யாரும் சொல்லவில்லை. புரிந்துகொண்டாள்.

"கனமாயிருச்சா?"

மகள் தலையசைத்தாள்.

"வேண்டாம்னா பிச்சுப் போட்ரு கண்ணு."

மகள் விமானத்தை மேசைமேல் வைத்தாள். ஓரத்து மணி ஒன்றின் அடியில் நகத்தைக் கொடுத்தாள். பசை இறுகியிருந்தது. இழுத்தால் கொஞ்சம் ஃபோமும் சேர்ந்து வரும். வந்தால் வரட்டும், அடைத்துக்கொள்ளலாம்.

இழுக்கும் முன், பழக்கத்தில், இடது கை ரிமோட்டின் குச்சியைத் தள்ளியது.

வாலின் பின்பாதி இடப்பக்கம் மடங்கியது. வலப்பக்கம் மடங்கியது.

எதுவும் உரசவில்லை.

குனிந்து பார்த்தாள். மயில் கண் நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தது. வால் மடங்கும் கோட்டில், மேலிருந்து கீழ்வரை, நூல் அகலத்துக்கு இடம். அங்கே ஒரு சம்கிகூட இல்லை.

அந்தக் கோட்டைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இத்தனை மாதமும் இதே அறையில், ஜாக்கெட் கட்டிய சட்டத்தின் மேல் குனிந்து, அம்மா ஊசியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள்.

நகத்தை எடுத்தாள்.

விமானத்தைத் திருப்பி மூக்கை அம்மாவின் பக்கம் காட்டினாள்.

"இங்கயும் வெக்கணும்மா. இருக்கறதுலயே கனமான மணியா."

"மூக்குலயா?"

"ம்."

அம்மா மணிப் பெட்டியை இழுத்துத் தரையில் உட்கார்ந்தாள். சம்கியை ஒதுக்கினாள். முத்தை ஒதுக்கினாள், உள்ளே வெறும் காற்று. கண்ணாடி மணிகளை உள்ளங்கையில் போட்டு ஏந்திப் பார்த்தாள்.

இறக்கையிலிருந்து வால் தூரம், மூக்கு பக்கம். அங்கே ஒன்று இருந்தால் இங்கே இரண்டு மூன்று வேண்டும். மொத்தத்தில் விமானம் கனத்துவிடும். கொஞ்சம் ஓடி, பலமாக எறிய வேண்டியிருக்கும்.

எறியலாம்.

விரல் நுனிகளில் விமானத்தை ஏந்தி நின்றாள். அம்மா ஒவ்வொன்றாகப் பசை தொட்டு வைத்தாள். மோட்டாரைச் சுற்றி ஒரு வளையம். அதற்கு வெளியே இன்னொன்று. எட்டாத இடத்துக்கு அம்மா மண்டியிட்டு எம்பினாள்.

வால் மெல்ல எழுந்தது.

அப்பாவின் டம்ளர் சத்தம் நின்றிருந்தது.

இன்னொரு மணி. இன்னொன்று.

மட்டம்.

அம்மா கையை எடுத்த பிறகும் மட்டம்.

பசை காய்ந்ததும், மகள் கதவுக்குப் பின்னாலிருந்து பழைய போர்வையை எடுத்தாள். குளத்துக்குப் போக டீக்கடையைத் தாண்ட வேண்டும். "என்ன பாப்பா, அமெரிக்காவா?" என்பார்கள் அங்கே. அதனால் எப்போதும் போர்த்தித்தான் தூக்கிப் போவாள்.

அம்மா அதை அவள் கையிலிருந்து வாங்கினாள். உதறி, நான்காக மடித்து, அலமாரியில் வைத்தாள்.

பிறகு வாசலில் குனிந்து தன் செருப்பைத் தேடினாள்.