சீமை ஸ்பீக்கர்

சீமை ஸ்பீக்கர் வாயைத் திறக்கவில்லை.

பிரிகேட் ரோடு கடையிலிருந்து ஜட்காவில் ஏற்றி, பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வருகிற மாதிரி, ஜோகுபாளையம் வரை வண்டிக்காரனை மெதுவாக ஓட்டச் சொல்லிக் கொண்டுவந்த பெட்டி.

"ஒரு நாள் வீட்ல வெச்சுக் கேளுங்க. பழசையும் புதுசையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. பிடிச்சா உங்களுது. இல்லேன்னா நாளைக்குச் சாயங்காலம் ஆள் வந்து எடுத்துட்டு வந்துடுவான்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மாற்றிப் போடுவது எங்கே? பழைய பெட்டி பாடுகிறது. புதிய பெட்டி மூச்சு விடவில்லை. காலையில் புதுக் கம்பி போட்டு முடுக்கியதிலிருந்து அய்யாவு குப்புறப் படுத்துப் பார்த்தார், மல்லாந்து படுத்தும் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. எரிந்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

அய்யாவு பாக்டரியில் ஃபிட்டர். தெருவில் எந்த ரேடியோ இருமினாலும் அவரிடம்தான் வரும். அவரே கடைப் பெட்டியைக் கெடுத்தார் என்று வெளியே தெரிந்தால், அப்புறம் ஒரு டார்ச் லைட்டைக்கூட நம்பி எவனும் கொடுக்க மாட்டான்.

போதாக்குறைக்கு, எந்தப் பெட்டி உசத்தி என்று தீர்ப்புச் சொல்ல பாக்டரியிலிருந்து இரண்டு பேரை வரச் சொல்லியிருந்தார்.

"வரவேணாம்னு சொல்லி அனுப்பிடுங்களேன்" என்றாள் மனைவி ரஞ்சிதம்.

"போண்டாவுக்கு மாவு கரைச்சாச்சில்ல? சும்மா இரு. பெட்டி பேசலைன்னு யாருகிட்டயாவது மூச்சு விட்டே, பாரு."

"நான் எதுக்கு விடறேன்? பெட்டியே விடலை."

அய்யாவு முறைத்தார். பிறகு இரண்டு பெட்டிகளையும் ஒரே பெஞ்சியில் இடைவெளி இல்லாமல் ஒட்டி வைத்தார். எதிலிருந்து சத்தம் வருகிறது என்று எவன் கண்டான்?

நாலு மணிக்கு வந்தார்கள். கோவிந்தன், கூட வேலை செய்கிறவர். ஒரு சேதி அவர் காதில் விழுந்தால் பாக்டரிச் சங்கு ஊதுவதற்குள் எல்லா ஷெட்டுக்கும் போய்விடும். முனிகிருஷ்ணன் மூத்தவர், ஷெட்டை மேய்க்கிற சார்ஜ்மேன். கோயில் மணியிலேயே பிசிறு கண்டுபிடிக்கிற காது. அய்யாவு பயந்தது அந்தக் காதுக்குத்தான்.

நாதஸ்வர ரெக்கார்டைப் போட்டார்.

"இது பழைய பெட்டி" என்று சத்தத்தைக் குறைத்து வைத்தார்.

"சுமார்" என்றார் கோவிந்தன்.

அய்யாவு பெஞ்சிக்குப் பின்னால் குனிந்து எதையோ திருகுகிற மாதிரி திருகினார். நிமிர்ந்து சத்தத்தைக் கூட்டினார். "இப்ப சீமை."

"அடேயப்பா" என்று கோவிந்தன் கண்ணை மூடிக்கொண்டார். "சீமை சீமைதான். வாசிக்கிறவன் மூச்சு வாங்கறதுகூட கேக்குதுய்யா."

மூச்சு வாங்கியது பழைய பெட்டிதான். அதற்கு வயசாகிவிட்டது.

முனிகிருஷ்ணன் எழுந்தார். சீமைப் பெட்டியின் முன்துணிமேல் உள்ளங்கையை வைத்தார். பின்னால் போய் எட்டிப் பார்த்தார். அய்யாவு குறுக்கே வந்து நின்றார்.

"எப்படிண்ணே?"

"இந்தப் பெட்டியிலேருந்து ஒரு குறைகூட என் காதுக்கு வரலை, அய்யாவு" என்றார் அவர். "எடுத்துக்க. யோசிக்காதே."

அய்யாவுக்கு உயிர் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அடக்கிக்கொண்டார்.

காபி ஆனது. கோவிந்தன் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவரோடு தெருமுனை வரை போக அய்யாவு செருப்பை மாட்டினார்.

"நீங்க வரலியாண்ணே?"

"நீ போய் ஏத்தி விட்டுட்டு வா. எனக்கு இன்னொரு ஈடு போண்டா வேணும்" என்று முனிகிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்தார்.

காதைவிட வயிறு பெரிசு போல, என்று நினைத்துக்கொண்டே அய்யாவு நடந்தார்.

பஸ் லேசில் வரவில்லை. திரும்பி வந்தபோது முனிகிருஷ்ணனைக் காணவில்லை. அய்யாவு அடக்கி வைத்திருந்த சிரிப்பை எல்லாம் அவிழ்த்து விட்டார்.

"பார்த்தியா நம்ம அண்ணனை? செத்த பெட்டிக்கு சர்ட்டிபிகேட் கொடுத்துட்டுப் போறாரு. இவருக்குப் போய் பயந்தேன் பாரு. காதாம் காது. எல்லாம் பாவலா."

ரஞ்சிதம் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். 

சிரித்து முடித்ததும் பயம் திரும்பியது. கடை ஆள் வருகிற நேரம். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பழைய பெட்டியின் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டு ரெக்கார்டைச் சுழல விட்டார்.

சீமைப் பெட்டியிலிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. கூடத்தில் ஆளே வந்து உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. அய்யாவு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தட்டு ஓடி முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டார்.

"ரஞ்சிதம், இதுல யாரு கை வெச்சது?"

"நீங்க போட்ட புதுக் கம்பி மேல ஏதோ வார்னிஷாம். அதைச் சுரண்டாம முடுக்கிட்டீங்களாம், கரண்டே உள்ள போகலையாம். உள்ள வந்து ஒரு கத்தி கேட்டாரு, கொடுத்தேன்."

"தெரிஞ்சுதுன்னா அப்பவே மூஞ்சிக்கு நேரா சொல்றதுதானே?"

"கோவிந்தன் எதிர்லயா? நல்லா இருக்கே" என்றாள் ரஞ்சிதம். "'தானா சரியாயிடுச்சுன்னு சொல்லிடும்மா, என் பேரை எடுக்காதே, அவன் சங்கடப்படுவான்'னு சொல்லிட்டுத்தான் போனாரு முனிகிருஷ்ணன் அண்ணன்."