நாலு டயரிலும் காற்றில்லை

காரின் நான்கு டயர்களும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தன. ஓரஸ்ட் பெட்டியைப் பனியிலேயே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். ஆணி இல்லை, கிழிசல் இல்லை. காற்றை மட்டும் இறக்கிவிட்டு, வால்வு மூடிகள் நான்கையும் யாரோ பத்திரமாகத் திருகி வைத்திருந்தார்கள்.

"பாவிங்களா! அவ்வளவு கோபமா என் மேல?" என்று முனகினார்.

கோபம் இருக்காதா? முப்பது வருடத்தில் முதல் முறையாக ஸ்ப்ரூஸ் லேண்டிங் ஊர் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம் வரை வந்திருந்தது. முந்தின மாலை ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது, பயிற்சியாளர் ஓரஸ்ட் கோல்கீப்பரை வெளியே அழைத்துவிட்டுத் தாக்குதலுக்கு இன்னொரு ஆளை இறக்கினார். கடைசி நிமிடத்தில் செய்ய வேண்டியதை நாலு நிமிடம் இருக்கும்போதே செய்துவிட்டார். எதிரணி அடித்த ரப்பர் வட்டு, ஆளில்லாத வலைக்குள் சாவகாசமாக வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்வாசல் வழியாக வெளியேறினார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஆறு ஊர். ஐந்து ஊர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பின. இந்த ஊரையாவது, அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் தானே விட்டுவிடலாம் என்று நினைத்தார். ராஜினாமாக் கடிதத்தை முந்தின இரவே கிளப் அலுவலகக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்திருந்தார். கிளப் தலைவி டோரீன் ஒன்பது மணிக்குத்தான் அந்தக் கதவைத் திறப்பார். அதற்குள் சஸ்கட்டூன் நகரத்துக்குப் போகும் பாதையில் பாதி தூரம் போய்விடலாம்.

இப்போது மணி ஆறரை. எதிரே இருப்பதோ டோரீனின் பெட்ரோல் பங்க். வேறு வழியில்லாமல் சாலையைக் கடந்தார்.

"டயருக்குக் காத்தடிக்கணும், டோரீன்."

"மெஷின் ரிப்பேர், கோச்."

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"நேத்து நாமளும்தான் ஜெயிக்கிற மாதிரி இருந்துச்சு."

சுருக்கென்றது. திரும்பி நடந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து போலீஸ் ஜீப் வந்து நின்றது. கான்ஸ்டபிள் வெண்டல் நிதானமாக இறங்கினார்.

"என்ன கோச், காலங்காத்தால?"

"நாலு டயர்லயும் காத்தைப் புடுங்கிட்டானுங்க. புகார் எழுதிக்கோ."

வெண்டல் நோட்டைத் திறந்தார். பேனா குளிரில் உறைந்திருந்தது. அதை வாயருகே வைத்து ஊதினார். இன்னும் ஊதினார்.

"பேரு?"

"மூணு வருஷமா என்கூட உக்காந்து காபி குடிக்கிறே. பேரு தெரியாதா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க."

சொன்னார். வெண்டல் ஒவ்வொரு எழுத்தையும் கோலம் போடுவதுபோல எழுதினார்.

"யார் மேல சந்தேகம்?"

"ஊர் மொத்தமும்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் மேலயும் எழுது."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டு, கோச். போன வாரம் ரெட்டைப் புள்ளைங்க பொறந்திருக்கு. அதுங்களை விட்டுடலாமா?"

ஓரஸ்டுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"பெட்டியோட எங்க கிளம்பிட்டீங்க?"

"சஸ்கட்டூனுக்கு. மச்சான் மரச்சாமான் கடை வெச்சிருக்கான். அங்க சோபா விக்கப் போறேன்."

"அப்போ ஹாக்கி?"

"போதும்ப்பா. நாலு நிமிஷம் முன்னாடியே கோல்கீப்பரை வெளிய இழுத்தவனுக்கு சோபாதான் லாயக்கு."

"அதுவும் சரிதான். சோபா விக்கிறதுக்கு கோல்கீப்பர் வேணாமே" என்றார் வெண்டல், தலையை நிமிர்த்தாமல்.

ஓரஸ்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகிற அன்றைக்குக்கூட குத்திக்காட்டாமல் விடமாட்டார்களா? "விடிஞ்சதும் ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அதுக்குள்ள என்னைப் போக விடு, வெண்டல். யாருன்னு கண்டுபிடிக்கக்கூட வேணாம்" என்றார்.

"எழுதியாச்சு. படிச்சுப் பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்று வெண்டல் நோட்டை நீட்டினார்.

ஓரஸ்ட் வாங்கிப் பார்த்தார். புகார் என்று ஓர் எழுத்துகூட அதில் இல்லை. அவருடைய ராஜினாமாக் கடிதம்தான் இரண்டு துண்டாகக் கிழிந்து நோட்டின் நடுவில் கிடந்தது. அதற்கு அடியில் இன்னும் மூன்று வருடத்துக்கான புது ஒப்பந்தம், வெண்டல் இப்போது எழுதிய அவர் பெயரோடும் கிளப்பின் முத்திரையோடும்.

அவர் திகைத்து நிமிர்ந்தார். பங்க் வாசலில் டோரீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

வெண்டல் பேனாவை இன்னொரு முறை ஊதி, ஓரஸ்டின் கையில் வைத்தார்.

"ராத்திரியே ஆபீஸைத் திறந்து லெட்டரைக் கிழிச்சது டோரீன். காத்தை இறக்கினது நான், கோச்."