மாமியாருக்கு வியாழக்கிழமை கிளினிக்

இலங்கையில் கலவானப் பக்கத்துக் கிளினிக்கில் உளவள ஆலோசகர் சந்தமாலிக்குத் தமிழ் தெரியாது. தேயிலைத் தோட்டத்து லய வரிசைவீட்டில் இருக்கும் இருளாயிக்குச் சிங்களம் வராது. மருமகள் யோகராணிதான் மொழிபெயர்த்தாள்.

ஒன்று மட்டும் சந்தமாலிக்குப் பிடிபடவில்லை. மாமியார் நாலு சொல் சொன்னால், மருமகள் பத்து நிமிடம் பேசினாள்.

"பேரப்பிள்ளை செத்ததுல இருந்து மாமிக்குத் தூக்கமே இல்லைங்க மிஸ். கட்டுன தொட்டில அவுக்க மனசு வரல்ல," என்று யோகராணி சிங்களத்தில் சொன்னாள்.

மூன்றாவது வியாழக்கிழமை, தமிழ் தெரிந்த தாதி தயாளினியையும் சந்தமாலி உள்ளே உட்காரவைத்தாள். அன்றும் யோகராணி நெடுநேரம் பேசி அழுதாள். பிறகு முகம் கழுவப் போனாள்.

"அந்த அம்மா என்ன சொன்னார்?" என்று சந்தமாலி தாதியிடம் கேட்டாள்.

"'எல்லாத்தையும் சொல்லிரு தாயி' என்று மட்டும்தான்."

தயாளினி இருளாயியிடம் திரும்பினாள். "அம்மா, உங்களுக்கு என்ன வருத்தம்?"

"எனக்கு ஒன்னும் இல்லைங்க மிஸ். புள்ளைய பறிகொடுத்தவ அவதான். தனியா வந்தா லயத்துல பைத்தியம்னு பேசுவாங்க. அதான் எனக்குன்னு சொல்லிக் கூட்டியாந்தேன்."

அடுத்த வாரம் சந்தமாலி கிளினிக் கார்டில் இருளாயியின் பெயரை வெட்டி யோகராணியின் பெயரை எழுதினாள். அதற்கடுத்த வியாழக்கிழமை லயத்து ஆட்கள் பார்க்க, அந்தக் கார்டை இருளாயியே கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.