நெஜாத்துக்கு அஞ்சலி

இறந்தவர் டாக்சியிலிருந்து இறங்கினார்.

நான் கட்டிய மாலை அப்போதுதான் அவருடைய படத்தில் ஏறியிருந்தது. அதே வெள்ளை மீசை, அதே இடுங்கிய கண். படத்தில் இருந்தவர் கையில் பெட்டியோடு மண்டப வாசலில் நின்று சிரித்தார்.

என் வீட்டுக்காரர் சொக்கனுக்கு முகம் செத்துவிட்டது.

இவர் இருபது வருஷம் துருக்கிக்காரக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். மற்றவர்கள் ஊர் திரும்பும்போது டிவி கொண்டுவந்தார்கள். இவர் நீளக் கழுத்துள்ள ஒரு தந்தி வாத்தியமும் நெஜாத்தின் நாற்பது பாட்டும் கொண்டுவந்தார். நெஜாத் துருக்கியில் பெரிய பாடகர். நாவல் எழுதுவார். தேர்தலில் நின்று ஜெயித்தும் இருக்கிறார். ரங்கூனில் எங்கள் தாமுவேப் பேட்டையில் அவரைத் தெரிந்த ஒரே ஆள் இவர்தான் என்றால், இவருக்கு இருந்த கர்வத்தைக் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பாட்டுகளைத் தமிழிலும் பர்மியத்திலும் பாடி ஒரு கச்சேரி வைக்க ஆசைப்பட்டார். அனுமதிக்கு வட்டார அதிகாரி ஊ தெய்ன் மாவ் என்பவரிடம் போனார். அதிகாரியின் அம்மா நம்மவர். பேசுவது தமிழில், மனு வாங்குவது பர்மியத்தில்.

மனுவில் இவர் ‘பாடகர், எழுத்தாளர், அரசியல்வாதி’ என்று மூன்றையும் பெருமையாக எழுதியிருந்தார். அதிகாரியின் விரல் மூன்றாவதில் போய் நின்றது.

“உசுரோட இருக்கிற அரசியல்வாதின்னா மேலிடத்துல கேக்கணும், கோ சொக்கன்,” என்றார், பேருக்கு முன்னால் பர்மிய மரியாதை வைத்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே. “கேட்டா நடக்காது.”

வீட்டுக்கு வந்தவர், தனக்கு ஒரு யோசனை உதித்துவிட்டதாகத் துள்ளினார். மறுநாளே போய் மனுவில் நெஜாத்தைச் சாகடித்துவிட்டு வந்தார். கச்சேரி அஞ்சலிக் கூட்டமாயிற்று. இறந்த தேதியைக்கூடக் கேட்காமல் முத்திரை குத்தினார்களாம். எல்லாம் தன் பேச்சுச் சாமர்த்தியம் என்று இரண்டு நாள் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

அதோடு நிறுத்தினாரா? எப்போதாவது பதில் போடும் நெஜாத்துக்கே சுவரொட்டியைப் படம் பிடித்து அனுப்பினார். பர்மிய எழுத்து அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம். பாங்காக்கில் ஒரு புத்தக விழாவுக்கு வந்திருந்த அந்த மனிதர், ரங்கூனில் தனக்கு விழா எடுக்கிறார்கள் என்று மகிழ்ந்து விமானம் ஏறிவிட்டார்.

முன்வரிசையில் ஊ தெய்ன் மாவ் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைக் கவனிப்பது அவர் வேலை. விஷயம் தெரிந்தால் மண்டபத்துக்குப் பூட்டு, இவருக்குக் கம்பி.

“இவர் இறந்தவரோட தம்பி,” என்று இவர் உளறினார். “அச்சு அசல் அண்ணன் மாதிரியே இருப்பாரு.”

அதிகாரி எழுந்து வந்து, தம்பியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார்.

மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்தோம். தம்பியும் எழுந்தார். இது யாருக்கு என்று அவர் கேட்டிருக்க வேண்டும். இவர் கப்பலில் கற்ற துருக்கி மொழியில் காதோடு காதாக உண்மையைச் சொல்லிவிட்டார்.

நெஜாத்தின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அடக்கிய சிரிப்பு இரண்டு நிமிடமும் நிற்கவில்லை. அதிகாரி தன் கைக்குட்டையை நீட்டினார்.

பிறகு தம்பி பேசினார், இவர் மொழிபெயர்த்தார். அண்ணன் நன்றாகப் பாடுவார். எழுத்து சுமார். அரசியலுக்குப் போயிருக்கவே வேண்டாம். போன பிறகு நாலு வருஷம் அவர் வாத்தியத்தைத் தொடவே இல்லை, அதுதான் அவர் செய்த பாவம்.

அதிகாரி பலமாகத் தலையாட்டினார்.

தம்பி இவரிடமிருந்து வாத்தியத்தை வாங்கிப் பாடினார். குரல் கிழிந்துதான் இருந்தது. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபது வருஷம் கடலில் கிடந்த என் மனிதரை இந்தப் பாட்டுதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டம் கலைந்தது. ஊ தெய்ன் மாவ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இவரைக் கிட்டே கூப்பிட்டார்.

“வருஷத் திதிக்கு இப்பவே மனு எழுதிக் குடுத்துடுங்க,” என்றார் அதிகாரி. “இறந்தவரையும் மறக்காம கூட்டிட்டு வந்துடுங்க.”