தாரகைக்குக் குலவை

தாரகையைக் கல்லால் அடித்துக் கொன்ற தெருமுனையில், ஓராண்டு கழித்து, அவளோடு ஒரே வீட்டில் வாழ்ந்த திருநங்கைகள் அவள் படத்தை வைத்துக் கூடினார்கள். அவர்களில் ஒருத்தியான, கொலைக்குப் பின் அந்தப் பக்கமே வராதிருந்த மிருதுளாவும் மாலையோடு வந்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்" என்றார் வார்டு உறுப்பினர். எல்லோரும் தலை குனிந்தார்கள். மிருதுளா மட்டும் தலையை நிமிர்த்தினாள்.

"அவ என்னைக்கு வாய மூடிட்டு இருந்தா? தூக்கத்துலகூட வம்பளப்பாளே" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். "எம்மக வளைகாப்புல அவ போட்ட குலவை இன்னும் காதுல கெடக்கு தாயி" என்றவள், படத்தின் முன் நின்று நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். மிருதுளாவும் சேர்ந்துகொண்டாள். கடைகளிலிருந்தும் மாடிகளிலிருந்தும் பெண்களின் குரல்கள் எழுந்தன. வழியில்லாமல் நின்ற டவுன் பஸ்ஸின் ஓட்டுநர் தலையை நீட்டி, "யாருக்கும்மா விசேஷம்?" என்று கேட்டார்.

"எங்க தாரகைக்கு" என்று சிரித்தாள் மிருதுளா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த குலவைக்கு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.